பார்வை இருக்கு, எழுத்து தெரியலை: பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போன குறைபார்வை மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் மாணவி ஒரு தனி ஆள் அல்ல. வேலூர் வட்டாரத்தில் இத்தகைய குறைபாட்டோடு பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நேரக்கூடியவற்றை ஒருத்தியின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறோம். கல்லூரிக்கும் பெயர் கொடுக்கவில்லை. சட்டம், படிவம், அளவுகள் மட்டும் உள்ளவை உள்ளபடி.

மாணவியும் அவள் கண்ணும்

குடியாத்தம் பக்கத்துக் கிராமம், அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி, வணிகவியல் பிரிவு. பதினோரு வயதில் ஸ்டார்கார்ட் என்னும் விழித்திரை நோய் இருப்பது தெரிந்தது. இந்நோயில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும், ஓரப் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை 6/60, அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் படிப்பதை இவள் 6 மீட்டரில்தான் படிப்பாள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காடு.

ஓரப் பார்வை இருப்பதால் யார் துணையும் இல்லாமல் நடப்பாள், படியேறுவாள், கூட்டத்தில் இடிக்காமல் போவாள். ஆனால் புத்தக எழுத்தோ, பேருந்தின் பெயர்ப் பலகையோ, நாலடி தள்ளி நிற்பவரின் முகமோ பிடிபடாது. நேராகப் பார்த்தால் மறைந்துபோகும், சற்று விலக்கிப் பார்த்தால் தெரியும். அதனால் அவள் பேசும்போது எதிரில் இருப்பவரின் காதைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். வராந்தாவில் எதிரே வரும் பேராசிரியைக்கு வணக்கம் வைக்க மாட்டாள், ஆள் யாரென்று தெரியாததால். ‘திமிரு’ என்ற பெயர் முதல் மாதத்திலேயே வந்துவிடும். வெள்ளைக் கோல் பிடித்து வரும் மாணவருக்கு இந்தத் தொல்லை குறைவு, பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் வாய் திறந்து சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது.

பள்ளியில் யார் எதைச் செய்தார்கள்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து பார்ப்பார். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் கிடைக்க, தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போய், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஆணை திரும்பி வரும். அம்மா அலைந்தார், மாணவி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆணையின் நகலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. தன் நோயின் பெயரைக் கேட்டால், “அம்மாக்குத்தான் தெரியும்” என்பாள்.

பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன தெரிந்திருக்கும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே அந்தச் சிறப்புப் பயிற்றுநரின் பணி வரம்பு முடிந்துவிடுகிறது. இயக்ககத்தின் ஆணை பள்ளித் தேர்வோடு சரி, கல்லூரியில் செல்லாது. கல்லூரியில் இவளைத் தேடிக்கொண்டு வர எவருக்கும் பொறுப்பு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்கள் இத்தகைய மாணவர்களுக்கு உதவ வேண்டிய சம வாய்ப்புப் பிரிவைப் பற்றிப் பேசுகின்றன, பல கல்லூரி இணையதளங்களிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கும். நம்மூர்ப் பாலாறு போலத்தான், வரைபடத்தில் ஓடும், போய்ப் பார்த்தால் மணல்.

சேர்க்கை

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். அதில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும், மாற்றுத்திறனாளிகள் அதில் வருவார்கள். உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 32இன்படி அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. உதவி பெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவுக்குப் போனால் “இது செல்ஃப் ஃபைனான்ஸ், கோட்டா கிடையாது” என்பார்கள். சட்ட வாசகம் உதவி பெறும் நிறுவனத்தைச் சொல்கிறது, பாடப்பிரிவைப் பிரித்துப் பேசவில்லை.

நம் மாணவி வேலூர் நகரில் உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தாள். தடங்கல் இரண்டு இடத்தில் வந்தது. சிறுவயதில் வாங்கிய சான்றிதழ் தற்காலிகமானது, மறுமதிப்பீட்டுத் தேதி கடந்திருந்தது. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால். இரண்டையும் மே மாதக் கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து சரிசெய்தார்கள். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே சான்றிதழை எடுத்துப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. பார்க்க வேண்டியவை: செல்லுபடியாகும் தேதி, ஆதாரில் உள்ளபடி பெயர், விழுக்காடு, குறைபாட்டின் வகை.

சேர்க்கை மேசையில் நடந்தது இவ்வளவுதான்.

“பாப்பாக்குக் கண்ணு கொஞ்சம் சரியா தெரியாது சார், நீங்கதான் பாத்துக்கணும்.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்மா, கவலப்படாதீங்க.”

எழுத்தர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாது. கார்டின் நகல் சேர்க்கைக் கோப்புக்குள் போய் இறங்கியது. துறைக்கும் தேர்வுப் பிரிவுக்கும் ஒரு வரிகூடப் போகவில்லை. அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கான விவரங்களை மட்டும் அதே மேசையில் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தேர்வு ஏற்பாட்டுக்கு எந்தப் படிவம், எந்த அறை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதல் பருவம் எப்படிக் கவிழ்ந்தது

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் வினாத்தாள் வழக்கமான 11, 12 எழுத்தளவில் வந்தது. கைபேசி உருப்பெருக்கி தேர்வறையில் கூடாது. பக்கத்துப் பெண்ணிடம் கேள்வியைக் கேட்டாள், கண்காணிப்பாளர் அதட்டினார், பேசாமல் தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் சொன்னபோது மறுநாள் அம்மா வந்து துறைத் தலைவரிடம் கண்கலங்கினார். துறைத் தலைவருக்கும் மனசு கேட்கவில்லை. “அடுத்த தடவை பெரிசா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன்” என்றார்.

கொடுக்கவும் செய்தார். அங்கேதான் கணக்கு பிசகியது. ஏ4 தாளை ஏ3ஆகப் பெருக்கினால் எழுத்து 1.41 மடங்குதான் கூடும், 12 அளவு 17 ஆகும். இவளுக்கு வேண்டியது 24. அதோடு ஏ3 தாள் 42 செ.மீ. நீளம், 29.7 செ.மீ. அகலம். விடைத்தாளையும் அதையும் ஒரே மேசையில் விரித்தால் ஒன்று கீழே விழும். நகலெடுத்ததில் எழுத்து சாம்பல் நிறமாக மங்கியும் போயிருந்தது. உதவியும் கிடைத்தது, படிக்கவும் முடியவில்லை, இப்போது குறை சொல்லவும் வாயில்லை. அரைகுறை ஏற்பாட்டின் சங்கடமே இதுதான்.

பருவத் தேர்வு. எழுதுபவர் வேண்டுமென்று முந்தின நாள் மாலை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய் நின்றார்கள். தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பம் அது. அதற்கு இன்னொரு தாளும் வேண்டியிருந்தது. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலின்படி பார்வையின்மை, இரு கைகளும் பாதிப்பு, பெருமூளை வாதம் ஆகியவற்றில் கேட்டாலே எழுதுபவர் கிடைத்தார். குறைபார்வை உள்ளிட்ட மற்றவர்கள், எழுதுவதில் உடல்சார்ந்த தடை இருப்பதாக அரசு மருத்துவ நிறுவனத்தின் தலைமை மருத்துவ அதிகாரி நிலையில் உள்ளவரிடம் தனிச் சான்று வாங்கி வைக்க வேண்டியிருந்தது. இவர்கள் கையில் இருந்தது தனியார் மருத்துவமனையின் தடித்த கோப்பு. நோயை நிரூபிக்க அது போதும், இந்தச் சான்றின் இடத்தில் அது உட்காராது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும், ஒரு மாதம் முன்னால்.

கூடுதல் நேரம் வாய்மொழியாகக் கிடைத்தது. காலை 10 முதல் 1 மணி வரை தேர்வு, கூடுதல் 60 நிமிடம் சேர்த்தால் 2 மணி. அதே அறையில் 2 மணிக்குப் பிற்பகல் தேர்வு. கண்காணிப்பாளருக்குச் சாப்பாட்டு நேரமும் அதுதான். 1.20க்கே விடைத்தாளை வாங்கிக்கொண்டார். அவரிடம் எழுத்தில் எந்த உத்தரவும் இல்லாததால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிதிக் கணக்குப்பதிவியலிலும் இன்னொரு தாளிலும் அரியர் விழுந்தது.

தேவையை அளந்தது

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் செய்த முதல் வேலை சட்டத்தைத் தேடியது இல்லை, அளவெடுத்தது. இதற்கு ஒரு மணி நேரமும் ஒரு பிரிண்டரும் போதும். ஒரே கடினத்தில் உள்ள நான்கு தமிழ்ப் பத்திகளை 12, 18, 24, 30 அளவுகளில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லி நேரம் குறித்தார்கள். 24 வரை வேகம் கூடிக்கொண்டே போனது, 30இல் கூடவில்லை. ஆகவே 24. தாள் ஏ4, ஒரு பக்கம் மட்டும், வரி இடைவெளி ஒன்றரை. வினாத்தாள் கோப்பிலேயே எழுத்தளவை மாற்றி அச்சிட்டால் ஜெராக்ஸ் வேண்டாம்.

அடுத்து எழுதும் திறன். கறுப்பு ஜெல் பேனாவும், நடுவில் ஒரு வரி அகலத்துக்கு நீள்சதுரமாக வெட்டிய கறுப்பு அட்டையும் கொடுத்தபோது அவளே தெளிவாக எழுதினாள். பேரேட்டுக் கணக்கில்தான் சிக்கல், பற்று, வரவு, தேதி, பக்க எண் என்று கட்டம் மாறி மாறி விழுந்தது. ஆக, பள்ளியில் எல்லாத் தாளுக்கும் கொடுத்த எழுதுபவர் இவளுக்குத் தேவையில்லை. கணக்குத் தாள்களுக்கு மட்டும் வேண்டும், அதிலும் பேரேடு போடத் தெரிந்த ஆள் வேண்டும். பாடமே தெரிந்த ஆளாக இருந்துவிட்டால் அதிலும் சந்தேகம் கிளம்பும், அதனால் கட்டம் போடும் பழக்கம் உள்ள, வேறு துறைப் பிள்ளை. 2018 வழிகாட்டுதலே தேர்வுக்கு 2 நாள் முன்னால் எழுதுபவரைச் சந்திக்க இடம் தந்தது. ஆனால் சொல்லி எழுதவைப்பது தனிக் கலை, “இடப்பக்கம், மூணாவது வரி, தொகை” என்று சொல்லிப் பழக நான்கைந்து தடவையாவது சேர்ந்து உட்கார வேண்டும். எழுதுபவரைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது கல்லூரிகளில் பரவலான பிழை. தானே எழுதக்கூடிய பிள்ளைக்கு அது கையைக் கட்டிப்போடுவதும் ஆகும்.

வகுப்பறையையும் அளந்தார்கள். எல்லோரும் சொல்லும் தீர்வு “முதல் பெஞ்சுல உக்காரும்மா”. 6/60 பார்வைக்கு 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3 செ.மீ. உயர எழுத்துதான் கண்ணுக்கு எட்டும் எல்லை. எல்லையில் இருப்பதை ஒன்றிரண்டு எழுத்தாகக் கண்டுபிடிக்கலாம், ஓட்டமாகப் படிக்க அதைப்போல் இருமடங்காவது வேண்டும். எந்தப் பேராசிரியரும் பலகையில் 6 செ.மீ. உயரத்தில் பாடம் முழுவதையும் எழுத மாட்டார். எனவே முதல் பெஞ்சோடு நிறுத்தாமல் கேட்டது: எழுதும்போதே வாய்விட்டுப் படித்துக்கொண்டு எழுதுவது. இதற்குச் செலவு இல்லை, மற்ற மாணவிகளுக்கும் உதவும். ஜன்னல் முதுகுப் பக்கம் வருமாறு இருக்கை, வெளிச்சம் கண்ணில் அடித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும். கல்லூரியில் கைபேசிக்குத் தடை, ஆனால் இவளுக்குக் கைபேசிதான் உருப்பெருக்கி. அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இல்லையென்றால் வாரம் ஒருமுறை யாராவது பறிமுதல் செய்வார்கள்.

பாடக்குறிப்புகளில் இன்னொரு வினோதம். கைபேசியிலும் கணினியிலும் உள்ள, எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் யூனிகோட் தமிழைப் படிக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பைக் கொடுத்தால், திரையில் அழகான தமிழாகத் தெரிவதை அது ஆங்கில எழுத்துகளாக உளறும், ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதை முதலில் எழுத்தாக மாற்றும் செயலியில் போட வேண்டும்.

பேச்சும் கடிதமும்

அளவு கைக்கு வந்தபின் பேச்சு எளிதானது. வீட்டில் அம்மாவைப் பேராசிரியையாக உட்காரவைத்துப் பழகியது இது, ஒரு நிமிடத்துக்குள் முடியும்:

“மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா? எனக்கு ரெண்டு கண்லயும் நடுப் பார்வை கம்மி. ஓரத்துல தெரியும், அதனால தனியா நடப்பேன். எழுத்தும் முகமும் தெரியாது. எதிர்ல வரும்போது நான் வணக்கம் சொல்லலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க, குரல் கேட்டா தெரிஞ்சுக்குவேன். போர்டுல எழுதறப்ப படிச்சுக்கிட்டே எழுதினா எனக்குப் போதும்.”

நோய் வரலாறு இதில் இல்லை, அழுகையும் இல்லை. என்ன முடியும், என்ன முடியாது, என்ன வேண்டும் என்ற மூன்றோடு நின்றுவிட்டது. ஒரு பேராசிரியை “மத்த பொண்ணுங்க கேப்பாங்களே” என்றார். அதற்கும் பதில் தயாராக இருந்தது: “கேள்வி அதேதான் மேடம், எழுத்து மட்டும் பெரிசு.”

பேச்சு முடிந்த அன்றே கடிதம். பேச்சை மட்டும் நம்பினால் பேராசிரியர் மாறும்போது எல்லாம் போய்விடும். கடிதம் இப்படி:

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்.
நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், வணிகவியல் துறைத் தலைவர்.
பொருள்: குறைபார்வை – வகுப்பு, தேர்வு ஏற்பாடுகள் வேண்டுதல் – தொடர்பாக.
அம்மையீர், நான் பி.காம். முதலாமாண்டு மாணவி. எனக்கு இரு கண்களிலும் நடுப்பார்வை குறைவு, 40 விழுக்காடு. அடையாள அட்டை, அரசு மருத்துவமனைச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். 24க்குக் குறைந்த எழுத்தளவை என்னால் படிக்க இயலாது. அகமதிப்பீடு, பருவத் தேர்வு இரண்டுக்கும் 24 எழுத்தளவில் ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட வினாத்தாளும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும், அந்த நேரம் முடியும்வரை மாற்றப்படாத தனி அறையும், கணக்குப்பதிவியல் தாள்களுக்கு மட்டும் சொல்வதை எழுதுபவரும், வகுப்பில் கைபேசியை உருப்பெருக்கியாகப் பயன்படுத்த அனுமதியும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் தேவையெனில் நேரில் வருகிறேன். தங்கள் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மூன்று பிரதி. நான்காவதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டாள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். ‘தனி அறை’ என்ற சொல் முதல் பருவத்தின் 1.20 மணியிலிருந்து வந்தது. 20 நிமிடக் கணக்கில் 90 நிமிட அகமதிப்பீட்டுக்கு 30 நிமிடம் சேரும், இதைப் பலர் கேட்பதே இல்லை, பருவத் தேர்வுக்கு மட்டும்தான் சலுகை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடிதத்தில் சட்டப் பிரிவு எதையும் எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே பிரிவு எண்களை அடுக்கினால் படிப்பவர் வழக்கறிஞரைத் தேடுவார், பிரிண்டரைத் தேட மாட்டார் என்பது எங்கள் எண்ணம். ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.  கல்லூரியில் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கும் வலு உண்டு. 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லையென்று ஒதுங்கிவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதுபவரைப் பெற 40 விழுக்காடு கட்டாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு இருந்தது எழுதும்போது கையைப் பிடிக்கும் தசைப்பிடிப்பு. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 வேண்டும்.

எது நடந்தது, எது நடக்கவில்லை

24 அளவு வினாத்தாள் இரண்டாம் பருவத்தில் வந்தது. ஒரு தாளில் மட்டும் அட்டவணை பக்கத்தைத் தாண்டி உடைந்திருந்தது, எழுத்தளவை மாற்றிய பின் யாரும் அச்சைச் சரிபார்க்கவில்லை. அடுத்த கடிதத்தில் ‘அட்டவணை ஒரே பக்கத்தில்’ என்று ஒரு வரி சேர்ந்தது. தனி அறையாக நூலகத்தை ஒட்டிய சிறு அறை கிடைத்தது. தடித்த கோடு போட்ட விடைத்தாள் கேட்டதற்கு மறுப்பு, விடைத்தாள் எல்லோருக்கும் ஒரே அச்சு, பார்கோடு உள்ளது. கறுப்பு அட்டையைத் தேர்வறைக்குள் கொண்டுபோகும் அனுமதியோடு அது சமாளிக்கப்பட்டது. அட்டையின் இருபுறமும் தேர்வுப் பிரிவின் முத்திரை. கைபேசி அனுமதி வர ஆறு வாரம் ஆனது. அரியர் இரண்டில் ஒன்று தேறியது.

பயணம் இன்னும் இழுபறிதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணம் இல்லை, ஆனால் வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் எது நகரப் பேருந்து, எது புறநகர் என்று பலகையைப் படித்தால்தானே தெரியும். ஏறுவதற்கு முன் “குடியாத்தமா, டவுன் பஸ்ஸா?” என்று நடத்துநரிடம் உரக்கக் கேட்கப் பழகிக்கொண்டாள். ரயிலில் பார்வைக் குறைபாட்டுக்கான கட்டணச் சலுகை பார்வை அறவே இல்லாதவர்களுக்குத்தான், குடியாத்தம்–காட்பாடி டிக்கெட்டை முழுக் கட்டணத்தில்தான் எடுக்கிறாள்.

அம்மா இப்போதும் வருகிறார், தேர்வுக் கட்டணம் கட்டும் நாளில். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, “நான் சொல்றேன் மேடம்” என்று உள்ளே வந்தார். மகள்தான் வெளியே அனுப்பினாள்.

மூன்றாம் பருவத்தில் கணினிக் கணக்கியல் செய்முறை வருகிறது. ஆய்வகக் கணினிகளில் புதிய மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை, பென் டிரைவும் வேலை செய்யாது. விண்டோஸில் உள்ள உருப்பெருக்கிக்கு நிறுவல் வேண்டாம், விண்டோஸ் பொத்தானையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். ஆனால் நான்கு மடங்கு பெருக்கினால் திரையில் பதினாறில் ஒரு பங்குதான் ஒருநேரத்தில் தெரியும், பற்றுக்கும் வரவுக்கும் நடுவே சுட்டியை நகர்த்தியே நேரம் போகும். அந்த நேரத்தை அளந்து, கூடுதல் நேரத்தைச் செய்முறைத் தேர்வுக்கும் கேட்டு, பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அடுத்த கடிதத்துக்கு முத்திரை வாங்கியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.